கால் கட்டை சுருதியும் கேரார்டு 301-உம்

கோகினூர் வைரம் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1852-இல், லண்டனில் கேரார்டு என்ற நகைக்கடையில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவழைத்த கைவினைஞர்கள், நீராவி இயந்திரம் சுழற்றிய சக்கரத்தில் வைத்து அதைத் தீட்டினார்கள். 186 காரட் இருந்த கல் 105 சொச்சம் காரட்டாகக் குறைந்தது. 1843 முதல் இங்கிலாந்து அரச குடும்பத்து நகைகளைப் பராமரித்த கடை அது. 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்த கிரீடமும் அங்கே செய்ததுதான். மயிலாப்பூரில் என் வீட்டு முன்னறையில் இருக்கும் டர்ன்டேபிளின் மேலும் அதே பெயர்தான் பொறித்திருக்கிறது. கேரார்டு 301.

நகைக்கடைக்கும் இசைத்தட்டுக்கும் உறவு உண்டாக்கியது முதல் உலகப் போர். பீரங்கிப் படைக்குத் தொலைவுமானிகள் தேவைப்பட்டன. எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கண்ணாடிகளை வைத்துக் கணக்கிடும் கருவி அது; மயிரிழை பிசகினாலும் குண்டு வேறெங்கோ விழும். நுண்ணிய வேலைக்குப் பழகிய கைகள் நகைக்கடையில் இருந்தன. 1915-இல் கேரார்டு எஞ்சினியரிங் கம்பெனி அப்படித்தான் தொடங்கியது. போர் முடிந்ததும் தொலைவுமானிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதுவரை பிரிட்டனில் விற்ற கிராமபோன்களுக்கு ஸ்பிரிங் மோட்டார் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. 1919-இல் ஸ்விண்டன் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

ஸ்விண்டன் ரயில் ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பணிமனை 1843-இலிருந்து அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நம் பெரம்பூர், பொன்மலைபோல ஊர் முழுவதும் இரும்பு வேலை தெரிந்த குடும்பங்கள். அப்பா ரயில் எஞ்சின் கட்டுவார், மகள் கேரார்டில் மோட்டார் கோப்பாள். அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய டர்ன்டேபிள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வடிவமைத்த ஆண்களின் பெயர்களையே சொல்கிறார்கள். சுருள்வில்லை மாட்டி, ரப்பர் சக்கரத்தைப் பொருத்தி, சுற்றவிட்டுப் பார்த்து அனுப்பியவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. நான் என் 301-ஐத் திறக்கும்போதெல்லாம், திருகுகள் ஒரே அழுத்தத்தில் முறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

1930-களில் இந்தக் கம்பெனியின் பெரிய வருமானம் ரெக்கார்டு சேஞ்சர். பல தட்டுகளை அடுக்கிவைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து தானே பாடும் கருவி. நகைக்கடைப் பெயர் உலகத்து வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். ஆனால் இன்று யாரும் அதைத் தேடி அலைவதில்லை.

இரண்டாம் போருக்குப் பிறகு இசைத்தட்டு உலகம் மூன்றாகப் பிரிந்தது. அதுவரை நிமிடத்துக்கு 78 சுற்று என்பதே வழக்கம். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்றில் ஓடும் எல்பியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆர்சிஏ 45 சுற்றுத் தட்டோடு வந்தது. பிரிட்டனில் டெக்கா 1950-இல் எல்பி விற்கத் தொடங்கியது. ஒரு வானொலி நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். பழைய 78-ஐயும் புதிய எல்பியையும் அடுத்தடுத்துப் போட வேண்டும். நாள் முழுவதும் ஓட்ட வேண்டும். வேகம் அசையக் கூடாது. இந்தத் தேவைக்குக் கேரார்டு கொடுத்த பதில்தான் 1954-இல் சந்தைக்கு வந்த 301. வடிவமைப்பின் பின்னால் இருந்தவர் எட்மண்ட் மார்ட்டிமர் என்ற பொறியாளர். பிபிசியின் ஒலிபரப்பு அறைகளிலும் இது இடம் பிடித்தது.

நம் ஊருக்கு இந்த மூன்று வேகமும் மிகவும் பொருத்தம். கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் எச்எம்வி 1960-களிலும் 78 சுற்றுத் தட்டுகளை அச்சடித்துக்கொண்டிருந்தது. மேல்நாட்டில் பழங்கதையாகிப்போன வேகம் இங்கே சினிமாப் பாட்டுக்கு நடைமுறையில் இருந்தது. என் வீட்டு அலமாரியில் பாதிக்கு மேல் அந்தக் கறுப்பு அரக்குத் தட்டுகள்தான்.

301 வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். நடுவில் நான்கு துருவ இண்டக்ஷன் மோட்டார். அது உடம்பில் நேராகத் திருகப்படவில்லை, ஆறு சுருள்வில்களில் தொங்குகிறது. மோட்டார் தண்டின் உச்சியில் மூன்று படிகள் கடைந்த பித்தளைப் புல்லி. புல்லிக்கும், இசைத்தட்டைத் தாங்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர் சக்கரம். ஐட்லர் வீல் என்பார்கள். புல்லியின் எந்தப் படியை அது தொடுகிறதோ அந்த வேகம். புல்லிக்குச் சற்றுக் கீழே அதே தண்டில் ஒரு அலுமினிய வட்டு சுழல்கிறது, அதன் பக்கத்தில் ஒரு காந்தம். காந்தத்தை நெருக்கினால் வட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி மோட்டாரை லேசாகப் பிடித்து மெதுவாக்கும், விலக்கினால் விட்டுக்கொடுக்கும். மேலே இருக்கும் சின்னக் குமிழைத் திருகுவது இந்தக் காந்தத்தை நகர்த்துவதற்குத்தான். எதுவும் எதோடும் உரசாமல் வேகத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு. இதைவிட நேர்மையான பிரேக்கை நான் எந்த இயந்திரத்திலும் பார்த்ததில்லை.

நான் வேலை பார்த்தது மின் தொகுப்புக் கட்டுப்பாட்டு அறையில். மேசைக்கு எதிரே சுவரில் அதிர்வெண் காட்டும் மீட்டர். 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய முள், 1990-களில் மாலை நேரத்தில் அங்கே நின்றதே இல்லை. ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரம், உற்பத்தி போதாது, தென்னிந்தியத் தொகுப்பு தனியாக ஓடிக்கொண்டிருந்த காலம். முள் 48.5-க்கும் கீழே இறங்கும். எங்களுக்கு அது அன்றாடக் காட்சி.

அந்தக் காலத்தில்தான் 301 என்னிடம் வந்தது. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஒரு மருத்துவரின் வீட்டைக் காலி செய்தபோது, மரப்பெட்டி ஏதுமில்லாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடைத்தது. கேரார்டு இதை விற்றதே அப்படித்தான். பெட்டியும் கிடையாது, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மும் கிடையாது. வாங்குகிறவர் தன் தேவைக்கேற்பப் பொருத்திக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, வேகத்தைச் சரிபார்த்து வைத்தேன். வேகம் பார்க்க ஸ்ட்ரோப் தட்டு என்று ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். தட்டில் 180 கோடுகள் வரைந்திருந்தால், 33⅓ சுற்றில் ஓடும்போது அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். என் தட்டில் கோடுகள் அசையவே இல்லை.

என் அக்கா வீணை வாத்தியார். ஒரு நாள் சாயங்காலம் வந்திருந்தவர், ஒரு கச்சேரி எல்பியைக் கேட்டுக்கொண்டே எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ஆன் செய்தார். முகம் சுளித்தது.

“ஏன் தம்பி, போன தடவை ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் போட்டப்ப அஞ்சரைல கச்சிதமா நின்னாங்களே? இப்ப கால் கட்டை இறங்கிக் கிடக்கே!”

“கோடு நிக்குதேக்கா, பாருங்க.”

“கோடு நிக்கட்டும்டா. சுருதி நிக்கலையே!”

அந்த நொடியில் என் ஆபீஸ் மீட்டர் கண்முன் வந்தது. அதிர்வெண் 48.5 என்றால் மூன்று சதவீதம் குறைவு. இண்டக்ஷன் மோட்டார் அதிர்வெண்ணைப் பின்தொடர்ந்து ஓடுவது. அதுவும் மூன்று சதவீதம் மெதுவாகும். வேகத்தில் மூன்று சதவீதம் குறைந்தால், சுருதி ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதி இறங்கும். அக்கா காதால் சொன்ன கால் கட்டை காகிதத்தில் கணக்குப் போட்டாலும் அப்படியே வருகிறது. ஸ்ட்ரோப் விளக்கும் அதே மின்சாரத்தில் எரிவதால் அதன் துடிப்பும் அதே அளவு குறைகிறது. மோட்டாரும் விளக்கும் சேர்ந்தே சறுக்குவதால் கோடுகள் நிற்கின்றன. மின்னழுத்தம் குறைந்து மோட்டார் தளர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். அதிர்வெண் குறைந்தால் காட்டாது. சுருதிப் பெட்டியின் மின்னணுச் சுற்றுக்கு ஊர் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பற்றிக் கவலையில்லை. ஆகவே அதுதான் சரியான அளவுகோல்.

அதன் பிறகு நான் கோடுகளை மட்டும் நம்புவதை விட்டேன். மாலையில் கேட்பதானால் காந்தக் குமிழை விலக்கி, கோடுகள் முன்னோக்கி ஓடும்படி வைத்து, சுருதிப் பெட்டியோடு சேர்த்துவிடுவேன். மேல்நாட்டில் எழுதிய எந்தக் கையேட்டிலும் இந்த முறை இருக்காது. அங்கே அதிர்வெண் இவ்வளவு தூரம் அலைந்ததில்லை.

2003 ஜனவரியில் தென் மாநிலங்களுக்குப் புதிய கட்டண முறை வந்தது. அதிர்வெண் குறைவாக இருக்கும்போது ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் விலை ஏறும். அதிலிருந்து முள் மெல்ல மேலே வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னிந்தியத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒரே கதியில் இணைந்தது. இன்று 49.9-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருப்பதே விதி. செய்தித்தாள்கள் அந்த இணைப்பைத் தொழில்துறைச் செய்தியாக வெளியிட்டன. என் வீட்டில் அது சங்கீதச் செய்தி. 301-இன் குமிழை மாலையில் தொட வேண்டிய அவசியம் அத்தோடு போயிற்று.

இனி, இதை வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்.

முதலில் புல்லி. அமெரிக்காவில் விற்ற 301-களில் 60 ஹெர்ட்ஸ் புல்லி இருக்கும். அதை இங்கே ஓட்டினால் 33⅓ என்பது 28-க்கும் கீழே போய்விடும். எந்தக் குமிழும் அதைச் சரிசெய்யாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி வாங்கி மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, தட்டைத் தாங்கும் பேரிங். முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில் கிரீஸ், பிறகு வந்தவற்றில் எண்ணெய். கிரீஸ் பேரிங்கில் எண்ணெயையும் எண்ணெய் பேரிங்கில் கிரீஸையும் போடக் கூடாது. பழைய கிரீஸ் சோப்புக்கட்டியாக இறுகியிருக்கும். கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கிரீஸ் பேரிங்தான் ஒலிக்கு உயர்ந்தது என்று விலையை ஏற்றுகிறார்கள். சுத்தமாக வைத்த இரண்டையும் கேட்டிருக்கிறேன். அந்த விலை வித்தியாசத்துக்கு நியாயம் இல்லை.

மோட்டாரின் ஆறு சுருள்வில்களும் சமமாக இழுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் புல்லி சாயும், ஐட்லர் மேலேறி உரசும், அந்த உரசல் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று அடிவயிற்றில் கேட்கும். இந்தத் தொல்லையைத்தான் 1970-களில் எல்லோரும் 301-இன் பிறவிக் குறை என்றார்கள். பெரும்பாலும் அது வில்களின் குறை, அல்லது அதை உட்காரவைத்த வெற்றுப் பலகைப் பெட்டியின் குறை. நான் இடிந்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குக் கதவுச் சட்டங்களை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து அடுக்கடுக்காக ஒட்டவைத்து, கனமான கட்டையாகச் செய்துகொண்டேன். உள்ளே காற்றறை இல்லாவிட்டால் அந்த உறுமல் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

ஐட்லரின் ரப்பரில் கைவிரல் எண்ணெய் படக் கூடாது. லீவரை ஆஃப் செய்தால் அது புல்லியிலிருந்து தானாக விலகிக்கொள்ளும். ஆனால் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விலகாது. அழுந்தியபடியே நிற்கும், ரப்பரில் பள்ளம் விழும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டுப் டுப்’ என்று இடிக்கும். மின்வெட்டு வந்தால் மெழுகுவர்த்தியைத் தேடுவதற்கு முன் லீவரைத் திருப்புங்கள்.

என் 301-இல் இருப்பது எஸ்எம்இ ஆர்ம். அலிஸ்டர் ராபர்ட்சன்-ஐக்மன் என்பவர் இங்கிலாந்தின் ஸ்டெய்னிங்கில் 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. அதன் அடிப்பகுதியே முன்னும் பின்னும் நகரும் என்பதால் ஊசியின் கோணத்தைச் சரிசெய்வது எளிது. வெட்டும் ஊசி நேர்கோட்டில் நகர்ந்து வெட்டிய பள்ளத்தில், வளைவாக நகரும் ஆர்ம் இரண்டே இடங்களில்தான் முழுச் சரியாக நிற்கும். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கில் தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரும் 120.9 மில்லிமீட்டரும். எல்பிக்கு நான் போடுவது டெனான் 103. 1960-களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காகச் செய்த கார்ட்ரிட்ஜ். இரண்டரை கிராம் அழுத்தம். 78 தட்டுக்கு அந்த ஊசியைப் போடக் கூடாது. அதன் பள்ளம் அகலம். எல்பி ஊசி அடியில் உட்கார்ந்து குப்பையைத்தான் வாசிக்கும். 65 மைக்ரான் நுனி உள்ள தனி ஊசி வேண்டும்.

இவ்வளவு திடமான பொருளை ஏன் கைவிட்டார்கள்? 1961-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சூர் பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிளைக் கொண்டுவந்தார். ரப்பர் பெல்ட் மோட்டார் அதிர்வைத் தட்டுக்குக் கடத்தாது, செய்யவும் செலவு குறைவு. 1970-இல் பெல்ட்டும் இல்லாமல் மோட்டாரையே தட்டாக்கிய டெக்னிக்ஸ் எஸ்பி-10 ஜப்பானிலிருந்து வந்தது. ஐட்லர் என்றாலே பழசு என்று ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124-க்கும் அதே கதிதான். பெல்ட்டும் ஐட்லரும் சேர்ந்த அருமையான இயந்திரம் அது, என் மனதில் 301-க்கு அடுத்த இடம். பிரிட்டனில் 301-ஐ வீட்டுக்கு வெளியே வைத்தபோது ஜப்பானியர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் கென் ஷிண்டோ என்பவர் அதை அடித்தளமாக வைத்து முழு டர்ன்டேபிள்களையே கட்டினார். ஐட்லரின் பலம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. மிருதங்கத்தின் ஒரு கனமான அடி வரும்போது பள்ளம் ஊசியை இழுக்கும், தட்டு இமைப்பொழுது தயங்கும். பலமான மோட்டார் விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தத் தயக்கம் இருக்காது. தாளம் தாளமாக விழும்.

கேரார்டு 1960-இலேயே பிளெஸ்ஸி நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது. 1965-இல் 301-ஐ நிறுத்தி, எரிக் மார்ஷல் தோற்றம் கொடுத்த 401-ஐக் கொண்டுவந்தார்கள்; அதுவும் நல்ல இயந்திரம், சில விஷயங்களில் இன்னும் அமைதியானது. 1979-இல் கம்பெனி பிரேசிலின் கிராடியென்டேவுக்கு விற்கப்பட்டது. ஸ்விண்டனில் டர்ன்டேபிள் தயாரிப்பு ஓய்ந்தது. ரயில் பணிமனையும் 1986-இல் மூடப்பட்டது.

ஆனால் பெயர் சாகவில்லை. 2016-இல் எஸ்எம்இ நிறுவனத்தைக் கேடன்ஸ் குழுமம் வாங்கியது. அதன் தலைவர் புனேயைச் சேர்ந்த அஜய் ஷிர்க்கே, கிரிக்கெட் வாரியத்தின் முன்னாள் செயலாளர். 2018-இல் கேரார்டு பெயரும் அதே குழுமத்துக்கு வந்தது. பழைய 301-களைப் புதுப்பித்து எஸ்எம்இ ஆர்மோடு மறுபடி விற்கிறார்கள். கோகினூரைத் தீட்டிய கடையின் பெயர் தாங்கிய டர்ன்டேபிளுக்கு இன்று உரிமையாளர் ஒரு இந்தியர்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் ரேடியோகிராம் பெட்டிக்குள்ளோ கேரார்டு என்று பொறித்த கனமான தட்டு ஏதாவது இருந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். புல்லியைத் தனியாக, தட்டைத் தனியாக, மோட்டாரைத் தனியாக என்று பிரித்து விற்கச் சொல்லி வருகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைப் பொட்டலம் கட்டி அதனோடேயே வையுங்கள். ஐட்லர், வில், பேரிங் எல்லாம் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. முழுதாக இருக்கும் ஒரு 301-ஐ மறுபடி பாடவைப்பது பொறுமையுள்ள எவராலும் முடியும்.